நேரில் வந்தால் மட்டும்

சனிக்கிழமை காலையில் நீச்சல் டீச்சரிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. கொடுத்தாலும் அவள் காதில் ஏறாது. சமையலறை மேசையில் காப்பி ஆறி ஏடு கட்டிக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் கைப்பேசி, மறுபக்கம் மகளுடைய பழைய கணினி, நடுவில் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு அவள். மூன்று கடைகளின் இணையப் பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, எதில் எது மலிவு என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள்.

நகராட்சி நீச்சல் குளத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. குளக்கரையில் நின்று அவள் "காலை உதை!" என்று ஒரு சத்தம் போட்டால், மதிலுக்கு வெளியே சைக்கிளில் போகிறவர்களும் இரண்டு மிதி கூடுதலாக மிதிப்பார்கள். சம்பளம் அவளுக்கும் மகளுக்கும் தாராளமாகப் போதும். மகளும் காப்பீட்டு அலுவலகத்தில் சம்பாதிக்கிறாள். கணவர் என்று ஒருவர் இருந்தார். எப்போதோ விவாகரத்து வாங்கிப் பிரிந்துபோய் வேறோர் ஊரில் வேறொரு குடும்பத்தோடு சௌகரியமாக இருக்கிறார். அவர் மேல் இருந்த கோபம்கூட அவளுக்குத் தீர்ந்துபோய்விட்டது. ஆகவே இந்த விலை பார்க்கிற வேலையைப் பஞ்சத்துக்காக அவள் செய்யவில்லை. எழுநூறு கிராமைப் பையில் அடைத்து, காற்றை நிரப்பி, ஒரு கிலோ மாதிரி உப்ப வைத்து விற்கிறார்களே, அவர்களிடம் ஏமாறாமல் வீடு திரும்பினால் அவளுக்கு அன்று முழுக்க ஒரு துள்ளல்.

"ஏம்மா, பட்டாணி எங்க வாங்கினா என்ன? எல்லாம் ஒரே செடியில காய்ச்சதுதானே?" என்று மகள் போர்வைக்குள்ளிருந்து கேட்பாள்.

"செடி ஒண்ணுதான்டீ. கடைக்காரங்க மூணு பேரு."

கடைகளுக்குப் பெரிய எழுத்தில் சொந்தப் பெயர்கள் இருந்தன. இந்த வீட்டில் அவற்றை யாரும் மதிப்பதில்லை. ரயில் பாலத்துக்குக் கீழே இருப்பது பாலத்தடிக் கடை. பச்சைப் பலகை மாட்டியது பச்சைக் கடை. பேருந்து நிலையத்துக்கு எதிரே, முதல் மாடியில் இருப்பது மாடிக் கடை. முட்டை ஓரிடம், சோப்பு ஓரிடம், டீத்தூள் ஓரிடம் என்று பிரித்து முடித்ததும் அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

அந்தச் சனிக்கிழமை பாலத்தடிக் கடையில் முட்டைத் தட்டு அடிமாட்டு விலைக்குப் போட்டிருந்தார்கள். 'ஒருவருக்கு ஒன்று மட்டும்' என்று இணையத்திலும் இருந்தது, கடைச் சுவரிலும் ஒட்டியிருந்தது. டீச்சர் வேர்க்க விறுவிறுக்கப் போய்ச் சேர்ந்தபோது அடுக்கில் மிச்சம் இரண்டே தட்டுகள். அவள் கண் முன்னாலேயே, நரைத்த மீசையும் நீலச் சட்டையுமாக நின்ற ஒரு நெட்டை மனிதர் இரண்டையும் தூக்கிக்கொண்டார்.

"ஒருத்தருக்கு ஒண்ணுதான்!"

குளக்கரைக் குரல். கடை அப்படியே நின்றது. தூரத்தில் ரொட்டி எடுத்துக்கொண்டிருந்த ஒருவர், தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்து ரொட்டியைத் திரும்ப வைத்துவிட்டார்.

நெட்டை மனிதர் மட்டும் நிதானமாகத் திரும்பினார். "பக்கத்துலதானே நிக்கறேன், மெதுவாச் சொன்னாலே கேக்கும். இது எனக்கு. இன்னொண்ணு எங்க அக்காவுக்கு."

"அக்கா எங்க? காணோமே?"

"வெளியில வண்டியில இருக்காங்க. நடக்க முடியாது."

"இந்தக் கதையெல்லாம் வேற யார்கிட்டயாவது சொல்லுங்க சார்."

"வந்து பாருங்க மேடம்."

விடுவாளா? தட்டுகளைக் கல்லாப் பக்கம் வைக்கச் சொல்லிவிட்டு அவரோடு வெளியே போனாள். நிஜமாகவே ஒரு பழைய கார் நின்றது. பின் இருக்கை முழுவதும் ஒரு கால் நீண்டு கிடந்தது, பாதம் முதல் முட்டிக்கு மேல் வரை மாவுக்கட்டு. அந்தக் காலுக்குச் சொந்தக்காரியான அம்மாள் மடியில் பிஸ்கட் பொட்டலத்தோடு சாய்ந்திருந்தாள்.

"யாருடா இது?"

"முட்டை விஷயமா வந்திருக்காங்க அக்கா."

"முட்டைக்கெல்லாம் போலீஸ் வருதா இப்ப?"

டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள். அதற்குள் நெட்டை மனிதர், "ஒண்ணுமில்ல, உனக்கு ஒரு தட்டு வாங்கினேன்ல, அதான் உன்னைப் பாக்கணும்னாங்க" என்று விளக்கினார்.

"எனக்கா?" என்றாள் அக்கா. "நான் முட்டையைத் தொட்டே எத்தனையோ வருஷம் ஆச்சேடா. நாலு வேளையும் நீதானே அவிச்சு அவிச்சு முழுங்கறே."

இப்போது அசடு வழிவது அவர் முறையாயிற்று. டீச்சர் விறுவிறுவென்று திரும்பினாள். உள்ளே போய் ஒரு தட்டைத் தன் கூடையில் வைத்துக்கொண்டு, மகாராணி மாதிரி நடந்து போனாள்.

அந்த வெற்றி பச்சைக் கடை வரைதான் நீடித்தது. சோப்பு அடுக்கின் முன்னால் அதே நீலச் சட்டை நின்றது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரி ஒரே வகைச் சோப்பை எடுத்துக்கொண்டு போனார்கள். பிறகு பேருந்து நிலையத்துக்கு எதிரே அவள் இறங்கியபோது, அதே பழைய காரின் கண்ணாடி இறங்கியது.

"ஏம்மா, நீ எங்க பின்னாடி வர்றியா, இல்ல நாங்க உன் பின்னாடி வர்றோமா? அதை மட்டும் சொல்லிடு" என்றாள் அக்கா.

அதற்கு மேல் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. மாடிக் கடைக்கு லிஃப்ட் உண்டு. டீச்சர் லிஃப்டை நோக்கிப் போக, அவர் படியை நோக்கிப் போனார்.

"ஏன் சார், லிஃப்ட் நல்லாத்தானே இருக்கு?"

"நான்தாங்க அதை ரிப்பேர் பாக்கறவன். அதனாலதான் படியில போறேன்."

டீச்சரும் படியிலேயே ஏறினாள். மேலே டீத்தூள் வரிசையில் நின்று இருவரும் கைப்பேசிகளை எடுத்து நீட்டிக்கொண்டார்கள். அதே மூன்று கடைகள், அதே பக்கங்கள். லிஃப்ட்காரரும் வாரா வாரம் விலை பார்க்கிற ஆள்தான். கல்யாணம் ஆகாதவர். "பண்ணிக்கக் கூடாதுன்னு இல்லீங்க. பெண் பாக்கப் போற நாளெல்லாம் எங்கயாவது யாராவது லிஃப்ட்ல மாட்டிக்கிட்டு கூப்பிட்டுடுவாங்க" என்றார். அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டதிலிருந்து வீட்டில் தனியாக இருக்க அலுப்பாக இருக்கிறது என்று கூடவே வந்துவிடுகிறாளாம்.

"சார், நீங்க பாக்கெட் விலையைப் பாக்கறீங்க. அது தப்பு" என்றாள் டீச்சர். "நூறு கிராமுக்கு என்னன்னு பாருங்க. இந்தப் பெரிய பாக்கெட்தான் ஜாஸ்தி."

அவர் குனிந்து பார்த்தார். கணக்குப் போட்டார். "அடப்பாவிகளா!" என்றார், உள்ளத்தின் ஆழத்திலிருந்து. அந்த அடப்பாவிகளாவில் டீச்சருக்கு அவரைப் பிடித்துப்போனது என்று சொன்னால் தப்பில்லை. ஆனால் அன்றைக்கு அவளுக்கு அது தெரியாது. விஷயம் தெரிந்த ஒருவரிடம் பேசின திருப்தி என்றுதான் நினைத்துக்கொண்டாள்.

அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் ஏற்பாடு எதுவும் இல்லாமலே சந்தித்தார்கள். மலிவு எங்கே இருக்கிறதோ அங்கே இருவரும் இருந்தார்கள். பாலத்தடிக் கடையில் வெங்காயத்தை உருட்டிப் பார்த்தபடி பேசினார்கள். பச்சைக் கடை வரிசையில் நின்றபடி பேசினார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலமே விலையை மாற்றிவிடுகிறார்கள் என்ற ரகசியத்தை அவர் சொல்லிக்கொடுத்தார். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளேயிருந்து என்னென்ன சத்தம் போடுவார்கள் என்று நடித்துக் காட்டினார். தண்ணீரைக் கண்டு அழுகிற பிள்ளையை எப்படி இறக்குவது என்று அவள் சொன்னாள். காரில் அக்கா எல்லோருக்கும் பிஸ்கட் கொடுத்தாள். வீடு திரும்புகிற நேரம் தள்ளிக்கொண்டே போனது.

"பட்டாணி வாங்கவா இவ்வளவு நேரம்?" என்றாள் மகள்.

"வரிசை ஜாஸ்தி."

பிறகு அந்த நல்ல மனிதருக்கு ஒரு யோசனை உதித்தது. இயந்திரத்தோடு பழகிய புத்தி. வீணாகச் சுற்றுகிற சக்கரத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது.

"டீச்சர், நாம ரெண்டு பேரும் மூணு கடைக்கும் அலையறது என்னத்துக்கு? நீங்க உங்களுக்கும் எனக்குமா பாலத்தடியில வாங்கிடுங்க. நான் மாடிக் கடையில வாங்கிடறேன். பச்சைக் கடை வாசல்ல மாத்திக்கலாம்."

சொன்னது சரியாக இருந்ததால் டீச்சர் சரி என்றாள். நேரம் பாதியாகக் குறைந்தது. பச்சைக் கடை வாசலில் பைகளை மாற்றிக்கொண்டு, "வரட்டுமா டீச்சர்?" "வாங்க சார்" என்று பிரிந்தார்கள். அந்த இரண்டு வார்த்தையும்கூட இரண்டே வாரம்தான். ஒரு வெள்ளிக்கிழமை அவரிடமிருந்து மகிழ்ச்சி பொங்க ஒரு செய்தி வந்தது. இரண்டு வீட்டுச் சாமான்களையும் ஒன்றாகச் சேர்த்து இணையத்தில் வாங்கினால் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்களாம், அதற்குத் தனியாகக் கூலியும் கிடையாதாம். 'இனிமேல் நாம் எங்குமே போக வேண்டாம்' என்று முடித்திருந்தார், பக்கத்தில் ஒரு சிரிப்பு முகத்தோடு.

அந்தச் சிரிப்பு முகத்தை டீச்சர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை மணி அடித்தது. கதவைத் திறந்தால் மஞ்சள் சட்டை போட்ட ஒரு பெண் பெட்டியை நீட்டினாள். முட்டை ஒன்றுகூட உடையவில்லை. எல்லாம் அவள் பார்த்த விலைக்கே வந்திருந்தன. டீச்சர் சாமான்களை அடுக்கி முடித்து, பெட்டியை மடித்து வைத்துவிட்டு, மேசை முன்னால் உட்கார்ந்தாள். வேலை முடிந்துவிட்டது. காப்பிகூட இன்னும் சூடாக இருந்தது. அவளுக்கு எல்லாமே சப்பென்று இருந்தது.

அடுத்த வாரமும் அப்படித்தான். குளத்தில் அவள் சத்தம் சுருதி இறங்கிப்போயிற்று. "காலை உதைங்கப்பா" என்று அவள் கெஞ்சுகிற மாதிரிச் சொல்லவும் பிள்ளைகள் பயந்துபோய் இன்னும் வேகமாக உதைத்தார்கள். வீட்டில் அவள் வெறும் பொழுதைப் போக்க நாய்த் தீனியின் விலையை மூன்று கடையிலும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததை மகள் கண்டுபிடித்தாள்.

"நம்ம வீட்ல நாய் இல்லையேம்மா."

"தெரிஞ்சு வச்சுக்கிட்டா நல்லதுதானே."

மகள் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அந்த முட்டைக்காரர் என்ன ஆனார்?"

"அவருக்கென்ன, நல்லாத்தான் இருக்கார். விலை அனுப்பறார்."

"விலை மட்டுந்தானா?"

"வேற என்ன அனுப்புவாங்க?"

மகள் தலையை ஆட்டிக்கொண்டே எழுந்துபோனாள். உண்மையில் டீச்சருக்கும் பல தடவை எழுதத் தோன்றியது. 'எப்படி இருக்கீங்க' என்று எழுதுவாள். அழிப்பாள். 'அக்கா கால் எப்படி இருக்கு' என்று எழுதுவாள். அதை அழிக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்து, பிறகு 'வெங்காயம் பாலத்தடியில் மலிவு' என்று மாற்றி அனுப்புவாள். 'நன்றி டீச்சர்' என்று உடனே பதில் வரும். அதோடு சரி.

இப்படி இருக்கையில் ஒரு சனிக்கிழமை காலையில் கைப்பேசி டிங்கென்றது.

'மாடிக் கடையில் டீத்தூள் பாதி விலை. நேரில் வந்தால் மட்டும். மதியம் வரைதான்.'

டீச்சரின் விரல் பழக்கதோஷத்தில் மாடிக் கடைப் பக்கத்தைத் திறந்தது. டீத்தூளைத் தேடினாள். பாதி விலையும் இல்லை, முக்கால் விலையும் இல்லை. அறிவிப்புகள் எல்லாவற்றையும் மேலிருந்து கீழே வரை பார்த்தாள். நேரில் வந்தால் என்று ஒரு வார்த்தை எங்கும் கிடையாது. போதாக்குறைக்கு, மூன்று கடைகளில் அந்த வாரம் டீத்தூளுக்கு அதிக விலை சொன்னதே மாடிக் கடைதான்.

'தவறான தகவல் சார்' என்று எழுத ஆரம்பித்தாள். 'தவறான' வரை வந்தது. அங்கேயே விரல் நின்றுவிட்டது.

இந்த மனிதர் விலையில் தப்புப் பண்ணுகிறவர் இல்லையே. நூறு கிராமுக்கு என்ன விலை என்று இப்போதெல்லாம் அவளை விட வேகமாகச் சொல்கிறவராயிற்றே. டீச்சருக்குக் கழுத்திலிருந்து காது வரை சூடு ஏறியது. எழுதியதை அழித்தாள். எழுந்துபோய் முகம் கழுவினாள். பீரோவைத் திறந்து, கத்திரிப்பூ நிறத்தில் இருந்த நல்ல உடையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தாள்.

"எங்கம்மா கிளம்பறே?"

"மாடிக் கடையில டீத்தூள் பாதி விலையாம்."

மகள் கணினியை எட்டிப் பார்த்தாள். அம்மாவோடு இத்தனை வருஷம் குப்பை கொட்டியவள், கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? "அம்மா, அங்கதான் விலையே ஜாஸ்தி."

"நேர்ல போனாத்தான்டீ தெரியும்."

"வீட்ல ரெண்டு பாக்கெட் பிரிக்காம இருக்கு."

"அது இருக்கட்டும்."

மகள் இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தாள், அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், வாயைக் கையால் பொத்திக்கொண்டு அறைக்குள் ஓடிவிட்டாள்.

மாடிக் கடையில் கூட்டமே இல்லை. டீத்தூள் வரிசையின் கடைசியில் லிஃப்ட்காரர் வெறும் கூடையோடு நின்றுகொண்டிருந்தார். நீலச் சட்டை இல்லை; வெள்ளைச் சட்டை, அதுவும் பெட்டியிலிருந்து பிரித்த மடிப்பு மாறாமல். மீசையைக் கத்தரித்துவிட்டிருந்தார், ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாக. அவளைக் கண்டதும் கூடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"வந்துட்டீங்களா? அது வந்து... பாதி விலை முடிஞ்சுபோச்சாம் டீச்சர்."

"எப்ப?"

"இப்பத்தான். நீங்க வர்றதுக்குச் சித்த முன்னாடி."

டீச்சர் அடுக்கைப் பார்த்தாள். டீத்தூள் பொட்டலங்கள் ஒன்றுகூடக் குறையாமல் மதில் மாதிரி நின்றன. "ஒருத்தரும் வாங்கலையே சார்."

"அப்படியா?" என்று அவரும் அடுக்கை முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"அப்படி ஒரு தள்ளுபடி போடவே இல்லையே. நான் பாத்துட்டுத்தான் வந்தேன்."

கையும் களவுமாக அகப்பட்ட மனிதர் தலையைக் குனிந்தார். ஒரு நொடிதான். பிறகு அவர் தலை மெல்ல நிமிர்ந்தது. மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது.

"பாத்துட்டா வந்தீங்க?"

டீச்சர் வாயைத் திறந்தாள். குளத்தையே அதிர வைக்கிற குரல், வரவேண்டிய நேரத்தில் வரவில்லை.

"இல்லைன்னு தெரிஞ்சே வந்தீங்களா டீச்சர்?" என்றார் அவர், அவசரமில்லாமல், ஒரு கடினமான பழுதின் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டவர் போல.

"ஆமா," என்றாள் டீச்சர். தன் காதுக்கே கேட்காத அளவுக்குச் சின்னதாக வந்தது. "வராம இருக்க முடியல. வீட்டுக்கே கொண்டுவந்து தர்ற உங்க ஏற்பாடு எனக்குப் பிடிக்கல சார். ரொம்ப நல்ல ஏற்பாடுதான். ஆனா பிடிக்கல."

"எனக்கும்தான். முதல் வாரமே தெரிஞ்சுபோச்சு. சொல்லத்தான் வெக்கமா இருந்துச்சு. நான்தானே பெருமையா எழுதினேன், எங்கயும் போக வேண்டாம்னு. அக்கா அன்னிலேருந்து என்னோட சரியாப் பேசறதில்ல. அவங்களுக்குச் சனிக்கிழமை போச்சாம்." அவர் கூடையைக் கீழே வைத்தார். "டீச்சர், சுத்தி வளைக்காம கேட்டுடறேன். நாம கொஞ்சம், கடைக்கு இல்லாம, வேற எங்கயாவது போலாமா?"

"போலாம்" என்றாள் டீச்சர். இந்தத் தடவை குரல் திரும்பி வந்துவிட்டது. கல்லாவில் இருந்த பெண் திடுக்கிட்டு நிமிர்ந்து, "என்ன மேடம், என்ன வேணும்?" என்றாள்.

கீழே காரில் அக்கா முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். மாவுக்கட்டைப் பிரித்திருந்தார்கள், காலில் ஒரு மெல்லிய துணிக்கட்டுதான் மிச்சம். இருவரும் சேர்ந்து வெறுங்கையோடு படியிறங்கி வருவதைப் பார்த்தாள். கதவைத் திறந்து, கைத்தடியை ஊன்றி இறங்கி, முனகிக்கொண்டே பின் இருக்கைக்கு மாறினாள்.

"முன்னாடி உக்காரும்மா. எனக்குக் கால் நீட்டினாத்தான் தூக்கம் வரும்" என்றாள். கண்ணை மூடியும் கொண்டாள். ஏரிக்கரை போய்ச் சேருகிற வரை அவள் தூங்கினாள் என்று நம்புவதானால் நம்பலாம். இவர்கள் பேச்சில் சிரிப்பு வந்த இடத்திலெல்லாம் பின்னாலிருந்தும் ஒரு சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் வீடு திரும்பிய அம்மாவைப் பார்த்து மகள் கையை நீட்டினாள். "டீத்தூள் எங்க?"

"வாங்கலை." டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தாள். ஒளிக்கிற பழக்கம் அவளுக்கு ஒத்துவரவில்லை. "எனக்கு அந்த லிஃப்ட்காரரைப் பிடிச்சிருக்குடீ. நீ என்ன சொல்றே?"

மகள் சொன்னதெல்லாம் ஒரு கூச்சல்தான். அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்த குதியில் கீழ் வீட்டுக்காரர் கூரையைத் தட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரும் அக்காவும் சாப்பிட வந்தார்கள். மகள் அவரிடம் ஆயிரம் கேள்வி கேட்கத் திட்டமிட்டிருந்தாள். ஆனால் அக்கா வந்த வேகத்தில் சமையலறையைக் கைப்பற்றி, உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே, "உங்கம்மாவுக்கும் எங்க தம்பிக்கும் இந்த வயசுல நாள் கடத்தறது நல்லாவா இருக்கு?" என்று ஆரம்பித்துவிட்டாள். சாப்பாடு மேசைக்கு வருவதற்குள் அக்காவும் மகளும் எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டார்கள். சம்பந்தப்பட்ட இரண்டு பேரும் கூடத்தில் நல்ல பிள்ளைகளாக உட்கார்ந்து தீர்ப்புக்குக் காத்திருந்தார்கள்.

குளத்தைக் கழுவுவதற்காக வருஷத்தில் ஒருமுறை மூடுவார்கள். டீச்சருக்கு விடுமுறை என்று கிடைப்பதே அந்த வாரம்தான். அந்த வாரத்தில் ஒரு காலைப்பொழுது பதிவு அலுவலகத்துக்குப் போய்க் கல்யாணத்தைப் பதிந்துகொண்டார்கள். அக்கா சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். மகள் விதவிதமாகப் படம் எடுத்தாள்; எல்லாப் படத்திலும் யாராவது ஒருவர் கண்ணை மூடியிருந்தார். வெளியே வந்தபோது திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. இருந்தது ஒரே குடை. அதற்குள் நாலு பேரும் நுழையப் பார்த்து, இடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, கார் வரைக்கும் ஓடுவதற்குள் நாலு பேரும் தொப்பலாக நனைந்துபோனார்கள்.